பாறையில் பதிந்த பாதங்கள்: டைனோசர் தடங்கள் பற்றி வாசகர் கேட்டவை

டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தை ஒட்டி, டைனோசர் காலடித் தடங்களைப் பற்றி வேறு சிலர் அனுப்பியிருந்த கேள்விகளையும் சேர்த்து இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கோடை விடுமுறையில் குடும்பத்துடன் கிளென் ரோஸ் ஊருக்கருகே பலக்சி ஆற்றின் படுகையிலுள்ள டைனோசர் பள்ளத்தாக்கு மாநிலப் பூங்காவுக்குச் சென்றோம். நீர் வற்றியிருந்ததால் ஆற்றுப் பாறையில் எங்கு பார்த்தாலும் பள்ளங்கள். சிலவற்றில் மூன்று விரல்கள் தெளிவாக இருந்தன. பெரும்பாலானவை வெறும் குழிகளாகவே தோன்றின. என் மகள் எல்லாக் குழிகளையும் டைனோசர் கால் என்றாள். என் மனைவி எதையுமே ஏற்கவில்லை. எப்படி முடிவு செய்வது? (வாசகர், டல்லஸ்)

பதில்: இருவரும் பள்ளங்களைத் தனித்தனியாகப் பார்த்ததால்தான் இந்த வழக்கு வந்திருக்கிறது. களத்தில் பழகியவர்கள் ஒரு பள்ளத்தைக் கண்டதும் அதன்மீது குனிந்து ஆராயத் தொடங்குவதில்லை. நிமிர்ந்து நின்று அடுத்த பள்ளம் எங்கே என்று தேடுகிறார்கள். நடக்கும் உயிரி ஒரே காலை ஒரே இடத்தில் வைத்துவிட்டு மறைந்துபோவதில்லை. இடது, வலது, இடது என்று ஏறக்குறைய ஒரே அளவுள்ள பள்ளங்கள், ஏறக்குறைய ஒரே இடைவெளியில், ஒரே திசையை நோக்கி வரிசையாக அமைந்திருந்தால், அவற்றில் விரல் ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் அது நடைத்தடம் என்று கொள்ளலாம். அதற்கு மாறாக, அப்பழுக்கற்ற மூவிரல் வடிவம் ஒன்று, சுற்றிலும் துணையேதும் இன்றித் தனியாகக் கிடந்தால், அதைச் சற்று ஐயத்துடனேயே அணுக வேண்டும். பலக்சியில் பாறைத் தளம் அகன்று கிடப்பதால் இந்தத் தேர்வை நீங்களே செய்து பார்க்க முடியும்.

அடுத்து விளிம்பைக் கவனியுங்கள். புதிதாகப் பூசிய சிமெண்ட் தளத்தின்மீது நாய் நடந்துபோன தடத்தைப் பார்க்காத வீடு நம் ஊர்களில் குறைவு. பாதம் அமுங்கிய இடத்திலிருந்து பிதுங்கிய குழம்பு சுற்றிலும் ஒரு சிறு வரம்பாக எழுந்து நிற்கும். டைனோசர் மிதித்த சேற்றிலும் அதுவே நடந்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் ஒரு கல் அகழ்விடத்தில், பாறைத் தளத்தின் மேலிருந்த களிமண்ணை வண்டியால் வழித்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், சக்கரத்தின் அடியில் வழக்கத்துக்கு மாறான மேடுகள் தட்டுப்படுவதை உணர்ந்ததில்தான், ஏறத்தாழ 16.6 கோடி ஆண்டுப் பழமையுள்ள நடைத்தடங்கள் 2024இல் அகழ்ந்து ஆராயப்பட்டன. அவற்றில் ஒன்று 150 மீட்டருக்கும் மேல் நீண்டு செல்கிறது. கண்ணுக்கு முன்னதாக வண்டியின் குலுக்கல் கண்டுபிடித்த தடம் என்று அதைச் சொல்லலாம்.

மூன்றாவது சோதனையே எல்லாவற்றிலும் வலுவானது. பாறை எங்கேனும் உடைந்து, பள்ளத்தின் குறுக்குவெட்டு தெரிந்தால், அதற்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்குகளைப் பாருங்கள். பாதத்தின் எடை அமுக்கியிருந்தால் அந்த அடுக்குகள் பள்ளத்தின் வடிவத்தைப் பின்பற்றிக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆற்று நீர் சுழன்று குடைந்த குழியாகவோ, விரிசல் வழியே சுண்ணாம்புக்கல் கரைந்த பள்ளமாகவோ, பாறைக்குள் இருந்த உருண்டை கழன்று விழுந்த இடமாகவோ இருந்தால், அடுக்குகள் வளையாமல் நேராக வந்து விளிம்பில் வெட்டுண்டு நிற்கும். இதையே திருப்பிப் போட்டால் இன்னொன்றும் விளங்கும்: எடை மிகுந்த விலங்கு மிதித்தபோது, மிதிபட்ட தளத்துக்குக் கீழேயுள்ள அடுக்குகளிலும் மங்கலான பள்ளங்கள் விழுந்திருக்கும். மேல்தளம் அரித்துப்போன பிறகு நாம் காண்பது பெரும்பாலும் இந்த அடித்தடங்களையே. உங்கள் மனைவி நம்ப மறுத்த வட்டமான, விரலற்ற குழிகளில் சில இவ்வகையைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும்.

எந்த நேரத்தில் சென்றீர்கள் என்று எழுதவில்லை. நண்பகலாக இருந்திருந்தால் பாதித் தடங்களை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள். உச்சி வெயில் பாறையைத் தட்டையாக்கிவிடும். காலையிலோ மாலையிலோ தாழ்ந்து சாயும் வெளிச்சம் அரை அங்குலப் பள்ளத்துக்கும் நிழல் கொடுக்கும். மங்கலான தடங்களை இருட்டிய பிறகு, கைவிளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்துத் தேடுபவர்களும் உண்டு. மழை விட்டவுடன் பள்ளங்களில் மட்டும் நீர் தேங்கி நிற்கும் சில நிமிடங்களும் நல்ல நேரமே.

கேள்வி: அதே ஊரில், டைனோசர் தடங்களுக்குப் பக்கத்தில் மனிதக் காலடிகளும் இருப்பதாக ஒருவர் உறுதியாகச் சொன்னார். ஏதேனும் உண்மை உண்டா? (அதே வாசகர்)

பதில்: மனிதக் காலடிகள் அங்கு இல்லை. ஆனால் அப்படிச் சொல்லப்பட்டதற்கு ஒரு வரலாறு உண்டு, அது தடங்களை அடையாளம் காண்பவர்களுக்கு நல்ல பாடம். 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அவ்வூரில் சிலர், உண்மையான டைனோசர் தடங்களைப் பெயர்த்து விற்றதோடு, பெரிய மனிதப் பாதங்களைக் கல்லில் செதுக்கியும் விற்றார்கள். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகப் புதைபடிவம் சேகரித்துவந்த ரோலண்ட் பேர்ட், 1938இல் நியூ மெக்சிகோவின் கேலப் நகரில் இத்தகைய செதுக்குக் கற்களைக் கண்டார். போலி என்று அவருக்கு உடனே புரிந்தது. ஆனாலும் கல் வந்த ஊரைத் தேடிப் போனார். அங்கே ஆற்றுக்குள் அவர் கண்டது, நீண்ட கழுத்துடைய மாபெரும் தாவர உண்ணிகளின் தடங்கள். அவற்றில் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டு, இன்றும் நியூயார்க் அருங்காட்சியகத்தில் நீள்கழுத்து டைனோசர் ஒன்றின் எலும்புக்கூட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. போலியைத் தொடர்ந்து போய் உண்மையைக் கண்டெடுத்தவர்கள் துப்பறியும் கதைகளுக்கு வெளியே அதிகம் இல்லை.

செதுக்கப்படாமல் ஆற்றிலேயே இருக்கும் நீண்ட தடங்களின் கதை வேறு. டைனோசர்கள் பொதுவாக விரல்களை மட்டும் ஊன்றி நடந்தன. சில வேளைகளில், குறிப்பாக இளகிய சேற்றில், விரல்களுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட நீண்ட எலும்புப் பகுதியும் தரையில் படிந்தது. அப்போது தடம் நீளமாகிறது. பின்னர் விரல்பள்ளங்களை வேறு சேறு நிரப்பி இறுகிவிட்டால், மிஞ்சுவது மனிதப் பாதத்தைப் போன்ற ஒரு நீள்வடிவமே. 1980களில் நுணுகிப் பார்த்தபோது, தந்தநிறச் சுண்ணாம்புக்கல்லின்மீது நீலச்சாம்பலும் துருநிறமுமான கறைகளாக, நிரம்பிப்போன அந்த மூன்று விரல்களின் உருவம் வெளிப்பட்டது. ஏறத்தாழ 11.3 கோடி ஆண்டுப் பழமையுள்ள அந்தத் தளத்தில், ஆழத்தை மட்டும் பார்த்தவர்கள் மனிதனைக் கண்டார்கள். நிறத்தையும் பார்த்தவர்கள் டைனோசரைக் கண்டார்கள்.

கேள்வி: தடத்தைப் பார்த்து ஊன் உண்ணியா, தாவர உண்ணியா என்று சொல்கிறார்களே, அது எப்படி? (மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: முற்றத்து ஈரமண்ணில் கோழி நடந்த தடத்தை முதலில் ஒருமுறை நன்றாகப் பாருங்கள், ஏனெனில் இரண்டு கால்களில் நடந்த ஊன் உண்ணும் டைனோசரின் தடம் அதன் பெரிய வடிவமே. அகலத்தைவிட நீளம் மிகுந்திருக்கும். விரல்கள் ஒடுங்கி, நுனியில் நகத்தின் கூர்மை தெரியும். நடுவிரல் மற்றவற்றைவிட முன்னே நீண்டிருக்கும். பின்புறம் குறுகி முடியும். நன்கு பதிந்த தடமாயின் விரல்களின் அடிமெத்தைகளைக்கூட எண்ணலாம்: உள்விரலில் 2, நடுவிரலில் 3, வெளிவிரலில் 4. இடக்காலா வலக்காலா என்று பிரித்தறிய இந்த எண்ணிக்கை உதவும். நடைத்தடம் முழுவதையும் பார்த்தால், ஒரே கோட்டின்மேல் அடிவைத்து நடந்ததுபோல மிகவும் ஒடுங்கியதாக இருக்கும்.

இக்குவானோடான் போன்ற தாவர உண்ணிகளுக்கும் மூன்று விரல்கள்தாம். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் எழுகிறது. இவற்றின் தடம் நீளமும் அகலமும் ஏறக்குறைய சமமாக, விரல்கள் தடித்து நுனி மழுங்கி, பின்புறம் வட்டமாக இருக்கும். பாதம் சற்றே உள்நோக்கித் திரும்பியிருக்கும். எழுத்தில் படிக்கும்போது இவ்வேறுபாடு துலக்கமாகத் தெரிகிறது. களத்தில் அவ்வளவு துலக்கமாக இராது. காரணம் சேறு. நடவுக்கு உழுத வயலில் ஒருவர் நடந்து, வரப்பில் ஏறி, அரைகுறையாகக் காய்ந்த களத்துமேட்டைக் கடந்து போனால், ஒரே மனிதரின் ஒரே கால் மூன்று விதமான தடங்களை விட்டுச்செல்லும்: முதலாவதில் விரல்களே மூடிப்போயிருக்கும், இரண்டாவதில் தோல்வரிகூடப் பதிந்திருக்கும், மூன்றாவதில் குதிகால் மட்டும் விழுந்திருக்கும். இளகிய சேற்றில் ஊன் உண்ணியின் கூரிய விரலும் மழுங்கித் தெரியும் என்பதால், ஒரு வரிசையில் கிடைக்கும் மிகச் சிறந்த தடத்தைத் தேர்ந்து அதைக்கொண்டே வகைப்படுத்த வேண்டும். ஒற்றை மங்கல் தடத்தை வைத்துக்கொண்டு உணவுப் பழக்கத்தைச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

நீள்கழுத்து டைனோசர்களின் தடத்தில் இந்தச் சிக்கல் குறைவு. பின்கால் தடம் பெரிய முட்டைவடிவப் பள்ளம். பலக்சியில் அது ஒரு மீட்டரை நெருங்குகிறது. அதற்குச் சற்று முன்னே முன்கால் பிறைவடிவில் பதிந்திருக்கும். அந்தப் பிறை கிடைத்துவிட்டால் வேறு சான்று தேட வேண்டியதில்லை. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது: இவ்வளவு பெரிய வாலைச் சுமந்த விலங்குகளின் தடங்களுக்கு நடுவே வால் இழுபட்ட கோடு அரிதாகவே காணப்படுகிறது. வாலைத் தரையில் இழுத்துச் செல்லும் பழைய ஓவியங்கள் தவறு என்பதற்கு இத்தடங்களும் சான்று கூறின.

கேள்வி: தடத்தை வைத்து அந்த டைனோசரின் பெயரைச் சொல்ல முடியுமா? (வாசகர், மதுரை)

பதில்: பெரும்பாலும் முடியாது. விலங்கு தான் நடந்த இடத்திலேயே செத்து விழுந்து புதைந்தாலொழிய, தடத்தையும் எலும்பையும் உறுதியாக இணைக்க வழியில்லை. அதனால் தடங்களுக்கென்றே தனிப் பெயர்கள் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் பெரிய மூவிரல் தடத்துக்கு யூப்ரோன்டிஸ் என்று பெயர். அது கனெக்டிகட் மாநிலத்தின் அரசுப் புதைபடிவமும்கூட. ஆனால் யூப்ரோன்டிஸ் என்றொரு விலங்கு இருந்ததாக யாரும் சொல்வதில்லை. அத்தகைய பாதத்தை விட்டது டைலோஃபோசாரஸ் போன்ற ஊன் உண்ணியாக இருக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் 1802இல் மாசசூசெட்ஸின் சவுத் ஹாட்லியில் பிளைனி மூடி என்ற சிறுவன் நிலத்தை உழும்போது தடம் பதிந்த கல்லைக் கண்டெடுத்தான். ஊரார் அதை விவிலியத்தின் வெள்ளக் கதையில் வரும் நோவாவின் காக்கை விட்ட தடம் என்றார்கள். 1835இல் கிரீன்ஃபீல்டு ஊரின் நடைபாதைக்குப் பாவ வந்த கற்களில் வான்கோழித் தடங்கள் போன்றவை தென்பட்டபோது செய்தி ஆமெர்ஸ்ட் கல்லூரிப் பேராசிரியர் எட்வர்ட் ஹிட்ச்காக்கிடம் சென்றது. அவர் 1836இல் அவற்றை மாபெரும் பறவைகளின் தடங்கள் என்று வெளியிட்டார். டைனோசர் என்ற சொல்லே 1842இல்தான் உருவாக்கப்பட்டது என்பதையும், பறவைகள் டைனோசர்களின் வழிவந்தவை என்று இன்று நாம் அறிந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் அதிகம் தவறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: தடத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடும் முறையை எளிமையாகச் சொல்ல இயலுமா? (ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: 1976இல் மெக்நீல் அலெக்சாண்டர் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் வகுத்த முறை இது. பாத நீளத்தை 4ஆல் பெருக்கினால் இடுப்பின் உயரம் தோராயமாகக் கிடைக்கும். ஒரே காலின் அடுத்தடுத்த இரு தடங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை நடைநீளம் என்று கொள்வோம். நடைநீளத்தை 1.67ஆம் படிக்கு உயர்த்தி, இடுப்பு உயரத்தின் 1.17ஆம் படியால் வகுத்து, 0.78ஆல் பெருக்க வேண்டும். அளவுகள் மீட்டரில் இருந்தால் விடை நொடிக்கு இத்தனை மீட்டர் என வரும். பாதம் 35 செ.மீ., நடைநீளம் 2.4 மீட்டர் என்றால், இடுப்பு 1.4 மீட்டர், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர், அதாவது மணிக்கு 8 கி.மீ.க்குச் சற்று மேல். நடைநீளம் இடுப்பு உயரத்தைப் போல் இரு மடங்குக்குக் குறைவாக இருந்தால் அது நடை, 2.9 மடங்கைத் தாண்டினால் ஓட்டம். உங்கள் மாணவர்களை விளையாட்டுத் திடலின் ஈரமணலில் நடக்கவும் ஓடவும் விட்டு இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பாத நீளத்தை அளப்பதில் நேரும் பிழை விடையை எவ்வளவு மாற்றுகிறது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் டைனோசர் முட்டை கிடைத்ததாகச் சில ஆண்டுகளுக்கு முன் பேச்சு எழுந்தது. காலடித் தடமும் இங்கே கிடைக்குமா? (வாசகர், பெரம்பலூர்)

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 2020இல் குன்னம் அருகே ஏரி வெட்டியபோது வெளிவந்த உருண்டைகள் என்று எண்ணுகிறேன். அவை முட்டைகள் அல்ல. அம்மோனைட் என்னும் கடல்வாழ் சுருள் ஓட்டு உயிரிகளின் எச்சத்தைச் சுற்றி வண்டல் இறுகி உருவான கல் உருண்டைகள். அந்த விடையிலேயே உங்கள் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. அரியலூர், பெரம்பலூர் பகுதியின் கிரெட்டேசியப் பாறைகளில் பெரும்பகுதி கடலடியில் படிந்தவை. காலம் டைனோசர்களின் காலமே. ஆனால் கடலடியில் டைனோசர் நடந்து தடம் பதிக்காது. தடத்துக்கு வேண்டியது ஆற்றங்கரை, ஏரி விளிம்பு, அலை ஏறி இறங்கும் கழிமுகச் சேறு. அலைவரிகளும், வெயிலில் வெடித்த சேற்றுக் கட்டங்களும், மழைத்துளி விழுந்த சிறு குழிகளும் பதிந்த மணற்கல் அல்லது களிக்கல் தளம் கண்ணில் பட்டால், அங்கே நின்று பொறுமையாகத் தேடலாம். அப்படிப்பட்ட இடத்துக்கு நம் நாட்டில் எடுத்துக்காட்டு ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் அருகேயுள்ள தையாத். அங்கே ஜுராசிக் காலப் பாறையில் மூவிரல் தடங்கள் கண்டறியப்பட்டுள்ளன. உங்கள் பகுதியில் கல்லமேடு படிவுகள் நிலத்தில், ஆற்றுப் போக்கில் உருவானவை. டைனோசர் எலும்புகள் கிடைத்ததும் அங்கேதான். எனவே முழுவதும் இல்லை என்று கையை விரிக்காமல், தேடுவதாக இருந்தால் அங்கே தேடுங்கள் என்று சொல்வேன்.

கேள்வி: இங்கிலாந்தின் வைட் தீவுக்குச் செல்லவிருக்கிறோம். தடம் கண்டால் என்ன செய்ய வேண்டும்? எடுத்து வரலாமா? (வாசகி, லண்டன்)

பதில்: முதலில் ஒரு எச்சரிக்கை. கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துவிட்டே இறங்குங்கள். பாறைச் சரிவின் அடியில் நிற்காதீர்கள். காம்ப்டன் விரிகுடாப் பக்கம் நீங்கள் தேட வேண்டியது பள்ளங்களை மட்டும் அல்ல. அங்கே தடத்துக்குள் மணல் நிரம்பிக் கல்லாகி, சுற்றியிருந்த மென்மையான களிமண்ணைக் கடல் அரித்துச் சென்றபின், கரையில் பருத்த மூவிரல் கற்களாக இயற்கையான வார்ப்புகள் கிடக்கின்றன. பணியாரக் குழியை மட்டுமே தேடுபவர் பணியாரத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

கண்டதும் தொடாமல் பதிவு செய்யுங்கள். அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, நேர் மேலிருந்து ஒரு படம். பிறகு சுற்றி நடந்தபடி, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பெரும்பகுதியை உள்ளடக்குமாறு பல படங்கள். இவற்றைக் கணினியில் இணைத்து முப்பரிமாண உருவம் செய்துவிடலாம். மேலே சொன்ன ஆக்ஸ்போர்டுஷயர் ஆய்வில் ஏறத்தாழ 200 தடங்களுக்கு 20,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. இடத்தின் ஆயத்தொலைவு, தடத்தின் நீள அகலம், அடுத்த தடத்துக்கான தூரம், திசை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சுண்ணக்கட்டியால் விளிம்பு வரைவது பலருக்குப் பழக்கம். வேண்டாம் என்பேன், நாம் வரைந்த கோட்டைப் பிறகு படத்தில் பார்த்து அதையே தடத்தின் விளிம்பு என்று நாமே நம்பிவிடுகிறோம். பின்னர் அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.

பெயர்த்து எடுப்பதைப் பொறுத்தவரை, நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. அமெரிக்கக் கூட்டரசு நிலங்களில் முதுகெலும்பு உயிரிகளின் புதைபடிவங்களையும் தடங்களையும் அனுமதியின்றி எடுப்பது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வரிசையிலிருந்து பிரித்தெடுத்த தடம், நூலிலிருந்து கிழித்தெடுத்த பக்கத்தைப் போன்றது. 2014இல் யூட்டா மாநிலத்தின் மோவாப் அருகே ஒருவர் மூவிரல் தடம் ஒன்றைப் பெயர்த்தெடுத்து, பிறகு அச்சத்தில் கொலராடோ ஆற்றில் எறிந்துவிட்டார். நீரில் மூழ்கித் தேடியும் அது கிடைக்கவில்லை.

கேள்வி: அச்சு எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளவாவது வழி உண்டா? (மாணவர், சேலம்)

பதில்: கண்ட இடத்தில் பாரிஸ் சாந்தை (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஊற்றாதீர்கள், அது நுண்ணிய வரிகளைப் பெயர்த்துக்கொண்டு வரும், அல்லது பள்ளத்திலேயே தங்கிவிடும். முறைப்படி அனுமதிக்கும் இடங்கள் உண்டு. கனெக்டிகட்டின் ராக்கி ஹில் ஊரில் 1966இல் அரசுக் கட்டடம் ஒன்றுக்காக நிலத்தைத் தோண்டியபோது ஏறத்தாழ 2,000 தடங்கள் வெளிப்பட்டன. கட்டடத் திட்டம் கைவிடப்பட்டு, சுமார் 500 தடங்கள் ஒரு குவிமாடக் கூரையின் கீழ் காட்சிக்கு வைக்கப்பட்டன. மற்றவை சிதையாமலிருக்க மீண்டும் மண்ணிட்டு மூடப்பட்டன. அந்தப் பூங்காவில் வெளியே தனியாக ஒதுக்கிய தடங்களில் பார்வையாளர்கள் தாங்களே வார்ப்பு எடுத்துக்கொள்ளலாம். பாரிஸ் சாந்தையும் சமையல் எண்ணெயையும் நாமே கொண்டுபோக வேண்டும். எண்ணெயை முதலில் பள்ளம் முழுவதும் பூசிவிட்டு அதன்பின்னரே சாந்தை ஊற்ற வேண்டும். மறந்தால் வார்ப்பு பாறையை விட்டு வராது.